கூண்டேறிப் பேசிய தமிழ்

(படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வரிக் கொள்கை பற்றியோ, வாக்குச் சாவடி வேலை பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து நீங்கள் வந்திருக்கக் கூடும். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ திரைப்பட வசனம். "அரசியல் பேச வேண்டிய இடத்தில் ஆட்டமும் பாட்டும் எதற்கு?" என்று முகம் சுளித்துவிடாதீர்கள். 1949-ல் தொடங்கி 1959-ல் முடியும் அந்தப் பத்தாண்டில், பொதுக்கூட்ட மேடையிலே பேசப்பட்டதற்குக் குறையாத அரசியல் வெள்ளித்திரையிலே பேசப்பட்டது. மேடையிலே பேசியது காற்றோடு போனதுண்டு. திரையிலே பேசியது வீட்டுத் திண்ணைவரை வந்து குடியேறியது. 70 ஆண்டுகள் ஓடிவிட்டன. எழுதியவர்கள் மறைந்தார்கள், நடித்தவர்கள் மறைந்தார்கள், படம் ஓடிய கொட்டகைகளில் பல, திருமண மண்டபங்களாகவும் கடைத் தெருக்களாகவும் மாறிவிட்டன. வசனம் மட்டும் மறையவில்லை. ஏன்?

இந்த 'ஏன்' என்ற கேள்விக்குத்தான் இன்று விடை தேடப் போகிறோம். அடுக்குமொழியால் நிலைத்தது என்பார் சிலர். எதுகை மோனையால் நிலைத்தது என்பார் வேறு சிலர். நடிகரின் குரலால் நிலைத்தது என்பாரும் உண்டு. மூன்றும் உண்மைதான், ஆனால் மூன்றும் சேர்ந்தாலும் முழு உண்மை ஆகாது. அதே அடுக்குமொழியோடு, அதே எதுகையோடு, அதே கம்பீரக் குரலோடு வந்த எத்தனையோ படங்கள், விளக்குப் போட்டவுடனே மறந்து போயின. நிலைத்தவை எவை என்று எண்ணிப் பாருங்கள். யாரோ ஒருவருடைய நெஞ்சிலே ஏற்கெனவே இருந்த வலிக்கு வாய் கொடுத்தவை மட்டுமே நிலைத்தன. இதுதான் என் வாதம். சான்று தருகிறேன், கேளுங்கள்.

பாடிக்கொண்டிருந்த பேசும்படம்

1931 அக்டோபர் 31-ல் 'காளிதாஸ்' வெளிவந்தது. தமிழின் முதல் பேசும்படம் என்று அதனைச் சொல்கிறோம். உண்மையில் அதிலே தமிழும் பேசப்பட்டது; தெலுங்கும் பேசப்பட்டது. அதற்குப் பிறகு வந்த படங்களோ பேசியதைவிடப் பாடியது அதிகம். காதலா, ஒரு பாட்டு. கவலையா, ஒரு பாட்டு. இடையிடையே வரும் பேச்சு, அடுத்த பாட்டு எப்போது என்று காத்துக் கிடக்கும். பேசப்பட்ட தமிழும், எழுதிய தமிழும் அன்று, ஊரார் பேசிய தமிழும் அன்று. வடசொற்களின் கூட்டத்துக்கு நடுவே வழி தவறி நின்ற தமிழ்.

அந்த நிலையை மாற்ற முதலில் கைவைத்தவர் இளங்கோவன். 1937-ல் 'அம்பிகாபதி', 1942-ல் 'கண்ணகி'. கொட்டகையிலே உட்கார்ந்திருந்தவன் முதன்முறையாகத் தன் மொழிக்கு இத்தனை மிடுக்கு உண்டா என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தப் பெருமையை இளங்கோவனுக்குக் கொடுக்க நாம் தயங்கக் கூடாது. பின்னால் வந்தவர்கள் கட்டிய மாளிகைக்கு அடித்தளம் அவர் இட்டது. ஆனால் அந்தத் தமிழ் மன்னர் அவையிலும் மாடத்திலும் உலவிய தமிழ். அது குடிசைக்கு வர வேண்டியிருந்தது. கடன் பத்திரத்தின் முன்னே நின்றவனுக்கு, கூலி கேட்டு அடி வாங்கியவனுக்கு, கைம்பெண் என்று ஒதுக்கப்பட்டவளுக்கு அது வாய் கொடுக்க வேண்டியிருந்தது.

அன்றைய நாட்டு நிலையையும் மறந்துவிடாதீர்கள். 1951 மக்கள் கணக்கெடுப்பின்படி, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100 பேரில் ஏறத்தாழ 20 பேர்தாம். மற்ற 80 பேருக்கு ஏடு எட்டாது, நூல் எட்டாது. காது மட்டும் எட்டும். அந்தக் காதுக்குத்தான் வசனம் போய்ச் சேர்ந்தது.

கத்தி கூடாது என்ற கட்டளை

1949-ல் 'வேலைக்காரி' வந்தது. அறிஞர் அண்ணா எழுதிய கதை, வசனம், ஏ.எஸ்.ஏ.சாமி இயக்கம், ஜுபிடர் நிறுவனத்தின் தயாரிப்பு. கே.ஆர்.ராமசாமியின் குழு நாடகமாக நடித்து, ஊர் ஊராகக் கைதட்டல் பெற்று, பிறகு திரைக்கு வந்த கதை அது.

ஆனந்தன் என்ற ஏழை இளைஞன். கடனுக்காக வேதாசல முதலியார் என்ற பணக்காரர் நெருக்க, அவனுடைய தந்தை தூக்கிலே தொங்கிவிடுகிறார். மகன் என்ன செய்வான்? கத்தியை எடுத்துத் தீட்டுகிறான். அப்போது நண்பன் மணி தடுக்கிறான். கத்தியை விட்டுவிட்டுப் புத்தியைத் தீட்டச் சொல்கிறான். இரண்டே சொல் மாற்றம்! கேட்ட அளவில் வெறும் எதுகை விளையாட்டு என்றே தோன்றும். ஆனால் அதற்குள்ளே ஒரு முழு அரசியல் கொள்கை அடங்கியிருப்பதைப் பாருங்கள்.

கொட்டகையிலே உட்கார்ந்திருந்தவர்களில் கத்தி தீட்டும் அளவுக்குக் கொதித்தவர்கள் இல்லாமலா இருந்தார்கள்? பண்ணையாரிடம் பட்ட அவமானம் எத்தனை பேருக்கு! அவர்களிடம் "பொறுமையாக இரு, எல்லாம் விதி" என்று சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். "வெட்டு, குத்து" என்று தூண்டவும் ஆள் கிடைக்கும். அந்த வசனம் இரண்டு வழியையும் விலக்கியது. அடங்கிப் போகவும் சொல்லவில்லை, அழிக்கவும் சொல்லவில்லை. கோபத்தை வைத்துக்கொள், அதனைக் கூர்மையாக்கு, அறிவாக்கு என்றது. அதே 1949-ன் செப்டம்பரில் பிறந்த கழகம், ஆயுதத்தை நாடாமல், கூட்டம், ஏடு, நாடகம், தேர்தல் என்ற பாதையிலே நடந்ததை எண்ணிப் பார்த்தால், திரையிலே சொன்ன சொல் வெறும் கைதட்டலுக்காகச் சொன்ன சொல் அன்று என்பது விளங்கும்.

அதே படத்தில் இன்னொரு கருத்து. சட்டத்தை இருட்டறைக்கும், வழக்கறிஞரின் வாதத்தை அந்த அறையில் ஏற்றும் விளக்குக்கும் ஒப்பிடுவது. ஏழைக்கு அந்த விளக்கு கிட்டாது என்பதே அதன் உட்பொருள். பணம் உள்ளவன் விளக்கோடு நுழைகிறான். இல்லாதவன் சுவரிலே முட்டிக்கொள்கிறான். நீதிமன்றப் படியேறி அலைந்த உழவனுக்கு அதை விளக்கிச் சொல்ல உரையாசிரியர் தேவைப்படவில்லை. அவன் நெற்றியிலே அந்தச் சுவர் இடித்த தழும்பு இருந்தது.

அடுத்த ஆண்டு, 1950-ல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தந்த 'மந்திரி குமாரி'. குண்டலகேசிக் கதையைத் தழுவியது. வசனம் கலைஞர் கருணாநிதி. ராஜகுருவின் மகன் பார்த்திபன் பகலிலே மேன்மகன், இரவிலே கொள்ளைக்காரன். தந்தை கண்டிக்கிறார். மகனோ வெட்கப்படவில்லை; கொள்ளையடிப்பதும் ஒரு கலை என்று விடை தருகிறான். சிரித்தார்கள் மக்கள். சிரித்துவிட்டுச் சிந்தித்தார்கள். போர்க்காலத்திலும் அதன் பின்னும் அரிசியைப் பதுக்கியவர்களை, துணியைக் கள்ளச் சந்தையிலே விற்றவர்களை, அதே நேரத்தில் ஊரிலே பெரிய மனிதர்களாகவும் உலவியவர்களை அவர்கள் கண்ணாலே கண்டிருந்தார்கள். வில்லனின் வாயிலே அந்தச் சொல் வந்தபோது, தங்கள் ஊர்ப் பார்த்திபன் யார் என்று ஒவ்வோர் ஊராரும் கண்டுகொண்டார்கள்.

கூண்டு

இனி 'பராசக்தி'. 1952 அக்டோபர் 17, தீபாவளி நாள். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து உருவான கதை; வசனம் கருணாநிதி; இயக்கம் கிருஷ்ணன் - பஞ்சு; சிவாஜி கணேசனுக்கு அதுவே முதல் படம்.

கதையின் வேர் எங்கே இருக்கிறது? இரங்கூனில் இருக்கிறது. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது, அங்கே உழைத்துக்கொண்டிருந்த இலட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களிலே ஏராளமான தமிழர்கள், காடும் மலையும் கடந்து கால்நடையாகத் திரும்பினார்கள். வழியிலே மடிந்தவர்கள் எத்தனையோ பேர். திரும்பியவர்களை வரவேற்கவோ இங்கே வேலையும் இல்லை, வீடும் இல்லை. பத்தே ஆண்டு கழித்து அந்தப் படம் வந்தது. இரங்கூனிலே இருந்த மூன்று அண்ணன்கள். மதுரையிலே தந்தையையும் கணவனையும் இழந்து, இட்லி விற்றுப் பிழைக்கும் தங்கை கல்யாணி. பணத்தைப் பறிகொடுத்துப் பைத்தியக்காரனாக நடிக்கும் குணசேகரன். காலிழந்து பிச்சைக்காரர்களின் நடுவே வாழும் ஞானசேகரன். இது கற்பனைக் கதை. ஆனால் கொட்டகையிலே உட்கார்ந்திருந்தவர்களிலே, இரங்கூனிலிருந்து திரும்பாத ஓர் உறவினருக்காக இன்னும் காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

நீதிமன்றக் காட்சிக்கு வருவோம். பூசாரியைத் தாக்கிய குற்றத்துக்காகக் குணசேகரன் கூண்டிலே நிற்கிறான். அவனுடைய வாதத்தின் அமைப்பைக் கவனியுங்கள்; பேச்சாளர்களாக விரும்பும் இளந்தோழர்கள் சிறப்பாகக் கவனியுங்கள். அவன் செய்ததை மறுக்கவில்லை. "நான் செய்யவில்லை" என்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறான். ஏன் செய்தேன் என்று சொல்கிறான். செய்யும்படி ஆக்கியவர் யார் என்று கேட்கிறான். ஒவ்வொரு படியாக ஏறி, முடிவிலே, குற்றவாளிக் கூண்டிலே நிற்க வேண்டியவர்கள் வேறு சிலர் என்ற இடத்துக்கு மன்றத்தையே கொண்டுவந்து சேர்க்கிறான். ஆலயத்தைப் பற்றி அவன் சொல்வதும் அப்படியே. ஆலயமே கூடாது என்பதன்று அவன் வழக்கு. அது தீயவர்களுக்குப் புகலிடமாகிவிடக் கூடாது என்பதே வழக்கு. இந்த ஒரு வேறுபாட்டைச் சொன்ன துணிவினால்தான் படம் பிழைத்தது. அந்தத் துணிவு பிடிக்காதவர்களால்தான் படத்தைத் தடை செய்யச் சொல்லிக் கூச்சலும் எழுந்தது. கூச்சல் அடங்கியது. படம் ஓடியது.

ஓடியது படம் மட்டுமா? வசனம் இசைத்தட்டாக வந்தது. கதை வசனப் புத்தகமாக வந்தது. தேநீர்க் கடையிலே ஒலித்தது. திருமண வீட்டு ஒலிபெருக்கியிலே ஒலித்தது. பெரும்பாலும் பாட்டுக்கே இசைத்தட்டு என்றிருந்த நாட்டில், பேச்சைத் தட்டிலே வைத்துக் கேட்டார்கள்! நடிக்க வாய்ப்புக் கேட்டு வந்த இளைஞனிடம் "பேசிக் காட்டு" என்றால், அவன் பேசிக் காட்டியது அந்த நீதிமன்ற வசனம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒருவர், இலக்கியத் தமிழிலே அமைந்த நீண்ட உரையை மூச்சுவிடாமல் ஒப்பித்தார் என்றால், அதைவிடப் பெரிய முதியோர் கல்வி எது?

சிரிக்க வைத்துச் சுட்டவர்

எல்லாரும் செந்தமிழிலே பேசினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். 1954-ல் 'இரத்தக் கண்ணீர்' வந்தது. திருவாரூர் தங்கராசு எழுதியது; நடிகவேள் எம்.ஆர்.ராதா நாடகமாக நெடுங்காலம் நடித்துத் தேய்த்து மெருகேற்றியது. அங்கே அடுக்குமொழி இல்லை, அலங்காரம் இல்லை. தெருப் பேச்சு. கரகரத்த குரல். ஒரு வாக்கியத்தைப் பாதியிலே விட்டு, ஒரு பார்வை பார்த்து, மீதியை மக்களையே முடித்துக்கொள்ள வைக்கும் வித்தை. "அடியே காந்தா" என்று அவர் அழைத்த அழைப்பு இன்னும் தமிழ்நாட்டின் தெருக்களிலே கேட்கிறது.

பொருளும் பெரியது. வெளிநாடு சென்று திரும்பிய செல்வன் மோகனசுந்தரம், தாயை மதிக்காமல், மனைவியை மதிக்காமல், எல்லாவற்றையும் இழந்து நோயாளியாகத் தெருவுக்கு வருகிறான். வந்த பிறகுதான் அவனுக்குக் கண் திறக்கிறது. முடிவிலே தன் மனைவி சந்திராவைத் தன் நண்பனுக்குத் தானே மணம் முடித்து வைக்கிறான். 1954-ல், கணவன் கெட்டாலும் மனைவி காத்துக் கிடக்க வேண்டும் என்று மற்றப் படங்கள் பாடிக்கொண்டிருந்த ஆண்டில், இது எத்தகைய புரட்சி என்று எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் தோழர்களே, பகுத்தறிவு பேசும் நாம், நமக்குப் பிடித்த படத்தையும் பகுத்தறிவால் உரசிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். அந்தப் படத்திலே தொழுநோய், ஒழுக்கக் கேட்டுக்குக் கிடைத்த தண்டனையாக வருகிறது. இது அறிவியல் அன்று. அந்த நோய் ஒரு கிருமியால் வருவது என்பதை 1873-லேயே நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். படம் வந்த காலத்திலேயே சல்போன் மருந்துகள் வழக்கிலே இருந்தன. 1981-ல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று அது முழுமையாகக் குணமாகும் நோய். பாவத்தின் சம்பளம் என்று ஊரார் ஒதுக்கிவைத்த நோயாளிகள் மீது, மூட நம்பிக்கையைச் சாடிய அதே படம், தன்னை அறியாமல் இன்னொரு கல்லை எறிந்தது. வசனத்தைப் போற்றுவோம், இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போற்றுவோம். வணங்குவது பக்தனின் வேலை. சீர்தூக்கிப் பார்ப்பது நம்முடைய வேலை.

மறந்த குரல்கள்

அதே 1954-ல் வந்தது 'மனோகரா'. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்துக்குக் கருணாநிதி புது வசனம் தந்தார். சங்கிலியிலே கட்டுண்டு அரசவையிலே நிற்கும் மகனின் வீர வசனம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் படத்தின் உச்சம் மகனுடைய பேச்சிலே இல்லை. இத்தனை நாளும் பொறுமை காக்கும்படி மகனைக் கட்டிவைத்த தாய், இனிப் பொறுக்க வேண்டாம், பொங்கி எழு என்று விடுக்கும் ஆணையிலே இருக்கிறது. கண்ணாம்பாவின் குரலிலே அந்தச் சொல் வெடித்தபோது, பொறுமைதான் பெண்ணுக்கு அணிகலன் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட தாய்மார்கள் கொட்டகையின் பெண்கள் பகுதியிலே என்ன எண்ணியிருப்பார்கள்!

இந்த இடத்தில் நம்மையே நாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். 'பராசக்தி'யின் நீதிமன்றத்திலே கல்யாணியும் கூண்டேறுகிறாள். பசி தாங்காமல் தன் குழந்தையை ஆற்றிலே எறிந்த குற்றத்துக்காக நிற்கிறாள்; வறுமை தன்னை அங்கே கொண்டுவந்து தள்ளிய கதையைத் தானே சொல்கிறாள். குணசேகரன் பேசுவது அவளுக்காக. ஆனால் 70 ஆண்டுகளாக நாம் மனப்பாடம் செய்தது யாருடைய பேச்சை? அண்ணனின் பேச்சை. தங்கையின் பேச்சைக் கண்ணீரோடு கேட்டோம். கைதட்டலை அண்ணனுக்குக் கொடுத்தோம். துன்பம் அவளுடையது, மேடை அவனுடையது! இன்றைக்கும் நம் கூட்டங்களிலே அந்தப் பழக்கம் தொடரவில்லையா? மகளிர் பிரச்சினை பற்றிய தீர்மானத்தை முன்மொழிபவர் ஆடவர், வழிமொழிபவர் ஆடவர். தாய்மார்கள் முன்வரிசையிலே அமர்ந்து கைதட்டுகிறார்கள். கல்யாணி பேசட்டும் தோழர்களே! அவளுக்கும் ஓர் ஒலிபெருக்கி வேண்டும்.

அம்பு எங்கே நிற்கும்?

1959-ல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. பி.ஆர்.பந்துலு இயக்கம், சக்தி கிருஷ்ணசாமி வசனம். 1960-ல் கெய்ரோவிலே நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவிலே சிவாஜி கணேசன் சிறந்த நடிகர் என்று பாராட்டப்பட்டார். அந்தப் படத்தை எடுத்தவர்கள் கழகத்தார் அல்லர். நல்ல வசனம் எந்தக் கட்சிக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலம் அன்று என்பதை நாம் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

வரலாற்றிலே நடந்தது இது: 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கட்டபொம்மன் ஆட்சியர் ஜாக்சனைச் சந்தித்தார், சந்திப்பு மோதலிலே முடிந்தது, 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறிலே அவர் தூக்கிலிடப்பட்டார். திரையிலே கேட்கும் வீர உரை அந்த அறையிலே பேசப்பட்டதன்று. சக்தி கிருஷ்ணசாமியின் எழுதுகோல் பேசியது. அது குறைவன்று. ஆனால் வரலாற்றையும் வசனத்தையும் குழப்பிக்கொள்வது மேடைக்கு அழகன்று.

அந்த உரையின் உள்ளீடு என்ன? வரி கேட்கும் வெள்ளையனைப் பார்த்து, வயலுக்கு வந்தாயா, உழைத்தாயா என்று வரிசையாகக் கேட்கும் கேள்வி. உழைப்பவனுக்கே விளைச்சலில் உரிமை என்பதுதான் அதன் சாரம். வெள்ளையன் 1947-லேயே போய்விட்டான். பிறகு 1959-ல் ஏன் அத்தனை கைதட்டல்? கைதட்டியவர்களிலே குத்தகை உழவர்கள் இருந்தார்கள், பண்ணையாட்கள் இருந்தார்கள். தஞ்சை மாவட்டத்திலே 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. ஆனால் சட்டப் புத்தகத்துக்கும் களத்துமேட்டுக்கும் நடுவே நெடுந்தொலைவு இருந்தது. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டுக்கு வந்து மூட்டையை எண்ணிச் சென்றவனிடம் கேட்க முடியாத கேள்வியை, ஜாக்சனிடம் கேட்கக் கண்டு அவர்கள் கைதட்டினார்கள். ஏன், பாளையக்காரரிடமே அவருடைய குடிமகன் ஒருவன் அதே கேள்வியைக் கேட்டிருக்கலாம் அல்லவா? நல்ல கேள்வியின் இலக்கணம் இதுதான். எய்தவர் நினைத்த இலக்கோடு அந்த அம்பு நிற்பதில்லை. அது போய்க்கொண்டே இருக்கும்.

போய்க்கொண்டே இருந்த அம்பு எங்கே வந்தது? 1958-ல் 'நாடோடி மன்னன்' வெளிவந்தது, எம்.ஜி.ஆர். நடித்து இயக்கியது, வசனம் கண்ணதாசனும் ரவீந்தரும். மன்னனிடம் நாடோடி ஒரு வேறுபாட்டை எடுத்துச் சொல்கிறான்: நீ மாளிகையிலே நின்று மக்களைப் பார்க்கிறாய்; நான் மக்களிடையே நின்று மாளிகையைப் பார்க்கிறேன் என்ற கருத்து. பெருத்த கைதட்டல். காலம் சுழன்றது. 'வேலைக்காரி' எழுதியவர் 1967-ல் முதலமைச்சர் ஆனார். 'பராசக்தி' எழுதியவர் 1969-ல் ஆனார். நாடோடியாக நடித்தவர் 1977-ல் ஆனார். வசனம் பேசியவர்கள் மாளிகைக்கு உள்ளே போனார்கள். மக்கள் தந்த தீர்ப்பு அது, நாம் பெருமைப்படலாம். ஆனால் அன்று முதல் வசனத்தின் பொருள் மாறிவிட்டது. முன்பு அது நாம் பிறரைக் கேட்ட கேள்வி. இனி அது பிறர் நம்மைக் கேட்கும் கேள்வி.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே, ஒரு குடிசைக்குள்ளே 44 உயிர்கள் எரிந்து மடிந்தன. பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அப்போது ஆட்சி, ஏழையின் தந்தை தூக்கிலே தொங்கிய கதையை எழுதியவருடைய ஆட்சி. வழக்கு நடந்தது, குற்றம் சாட்டப்பட்ட நில உடைமையாளர்கள் உயர்நீதிமன்றத்திலே விடுதலை பெற்றார்கள். சட்டம் இருட்டறை என்ற அந்தப் பழைய உவமை, அன்று நாகை வட்டாரத்து உழவனின் நெஞ்சிலே எப்படி ஒலித்திருக்கும்? பழி சுமத்துவதற்காக இதனைச் சொல்லவில்லை. நாம் எழுதிய சொல்லுக்கு நாமே விடை சொல்ல வேண்டிய நாள் வந்தே தீரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்று உரைகல்

ஆகவே இளந்தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வசனத்துக்குப் பஞ்சமில்லை. நாயகன் நடந்து வந்தால் ஒரு வசனம். திரும்பிப் பார்த்தால் ஒரு வசனம். தன் பெருமையைத் தானே சொல்லிக்கொள்ளும் வசனம்! அதனை அப்படியே எடுத்துச் சுவரொட்டியிலே போட்டு, தலைவரின் படத்தை அருகிலே வைத்துவிட்டால் அரசியல் முடிந்தது என்று எண்ணுகிறோம். ஒரு சொற்றொடரைக் கையிலே எடுப்பதற்கு முன்பு மூன்று உரைகல்லிலே உரசிப் பாருங்கள்.

முதலாவது: இது யாருடைய துன்பத்தைப் பேசுகிறது? பேசுகிறவனின் பெருமையைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றால், அது பிழைக்காது. ஆனந்தனின் சொல்லுக்குப் பின்னே தூக்கிலே தொங்கிய ஒரு தந்தை இருந்தார். குணசேகரனின் சொல்லுக்குப் பின்னே பசித்த ஒரு தங்கை இருந்தாள்.

இரண்டாவது: இது கேட்டவனைச் சிந்திக்க வைக்கிறதா, சீற மட்டும் வைக்கிறதா? சீற்றம் கொட்டகையோடு முடியும். சிந்தனை வீடு வரை வரும்.

மூன்றாவது: இதனை நம்மை நோக்கித் திருப்பினால் நாம் தாங்குவோமா? தாங்க மாட்டோம் என்றால், அந்தச் சொல்லைப் பேசும் தகுதி நமக்கு இன்னும் வரவில்லை என்று பொருள்.

படிப்பகங்களிலே இந்தப் பழைய படங்களைத் திரையிடுங்கள். கைதட்டிவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். இன்று நம் ஊரிலே அந்தக் கூண்டிலே நிற்பவர் யார் என்று கேளுங்கள். அன்று கொட்டகையிலே மண் குவித்து அமர்ந்து பார்த்த முதியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த வசனத்துக்கு ஏன் அழுதார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். வரலாற்றுப் புத்தகத்திலே கிடைக்காத வரலாறு அது.

முடிப்பதற்கு முன் ஒன்று. 'பராசக்தி'யிலே கல்யாணியை விசாரிக்கும் நீதிபதி யார் தெரியுமா? சந்திரசேகரன், அவளுடைய மூத்த அண்ணன். பசியோடு தன் வீட்டு வாயிலுக்கு வந்தவளை, தங்கை என்று அறியாமல் விரட்டியவன் அவனே. அவள் கதையைச் சொல்லச் சொல்லத்தான் அவனுக்கு உண்மை விளங்குகிறது. விளங்கியதும் நாற்காலியிலேயே மயங்கி விழுகிறான். குணசேகரனின் பேச்சை மனப்பாடம் செய்த நாம், சந்திரசேகரனின் மயக்கத்தை மறந்துவிட்டோம். அதிகாரத்தில் உள்ளவர்களுக்கு அந்தப் படம் சொன்ன பாடம் அந்த மயக்கத்திலேதான் இருக்கிறது. ஊராட்சி மன்றமாயினும் உயர்ந்த பதவியாயினும், நாற்காலி கிடைத்த ஒவ்வொரு தோழருக்கும் சொல்கிறேன்: மனுவோடு வாயிலிலே நிற்பவளின் முகத்தை நிமிர்ந்து பாருங்கள். அவள் கூண்டேறிப் பேசும்வரை காத்திருக்க வேண்டாம்.